பகவதிபுரத்தை மேசைமேல் இறக்கிய கதை

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அந்தப் பழக்கத்தால், 2021 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை மேசைமேல் ஓட்டும் சின்ன மாதிரி ரயில் பாதை ஒன்றுக்காகச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகை 2,58,500 ரூபாய். அதில் 1,06,000 ரூபாய் தண்டம். முன்பே யாராவது உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அப்படிப் பேசக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்த ஒரே ஆளிடமும் நான் கடைசிவரை கேட்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். இதே ஆசையோடு யாராவது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், கிளம்புவதற்கு முன்பு இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா தெற்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் ஊழியராக இருந்தார். செங்கோட்டையிலிருந்து மேற்கே போகும் பாதையில் முதல் நிலையமான பகவதிபுரத்தில் அவருக்குக் குடியிருப்பு. அதைத் தாண்டினால் மலையும் குகையும். குகையைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். 1982 முதல் 1986 வரை ஐந்து கோடை விடுமுறைகளை அங்கேதான் கழித்தேன். 1904இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாதை அன்று மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். மலை ஏறும் வண்டிக்குப் பின்னாலும் ஓர் இன்ஜின் நின்று தள்ளும். வண்டி வருவதற்கு முன்பு பெரியப்பா பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கட்டி, அதற்குள் டோக்கன் பந்தைப் போட்டு, நடைமேடை ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஓட்டுநர் அதைப் பறித்துக்கொண்டு போகும்போது வளையம் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும். ஒற்றைப் பாதையில் அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த நிலையத்துக்குப் போக முடியாது என்று அவர் விளக்கியபோது, இந்த மலையே அவர் சட்டைப்பைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

2010 செப்டம்பரில் அந்த மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். வேலை, குழந்தைகள், வீட்டுக் கடன் என்று ஓடிக்கொண்டிருந்ததில், கடைசி வண்டியில் ஏறிவிட வேண்டும் என்ற நினைப்பை மாதக்கணக்கில் தள்ளிப் போட்டுத் தவறவிட்டேன். 2018இல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு ஒரு நாள் போய் இறங்கினேன். உயர்ந்த நடைமேடையும் அகன்ற தண்டவாளமும் இருந்தன. எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. திரும்பி வந்த ரயிலில்தான், சென்னை வீட்டின் மொட்டை மாடி அறையில் அந்தப் பாதையைக் கட்டிவிடுவது என்ற எண்ணம் விழுந்தது. அறை 12 அடிக்கு 9 அடி, மேலே தகரக் கூரை. எண்ணம் விழுந்ததற்கும் கையை வைத்ததற்கும் இடையில் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் படித்திருக்க வேண்டியதை எல்லாம் படிக்காமல், 2021இல் நேராகக் கடைக்குப் போனேன்.

முதல் தவறு அளவில் நேர்ந்தது. மாதிரி ரயிலில் எச்ஓ என்ற அளவுதான் உலகெங்கும் பரவலாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஐரோப்பிய வண்டி ஒன்று சேர்ந்த தொடக்கத் தொகுப்பையும் கூடுதல் தண்டவாளங்களையும் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். எச்ஓ என்றால் உண்மையான அளவில் 87இல் ஒரு பங்கு. அதில் வரும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அதை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பாவின் பொதுவான பாதை அகலம். என் பகவதிபுரம் 1,000 மில்லிமீட்டர் பாதை. 87ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. அதற்குப் பொருந்துவது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். எச்ஓஎம் என்ற பெயரில் அதைத் தனியாக விற்கிறார்கள். வாங்கிய தொகுப்பைத் தரையில் பூட்டி, அட்டையில் வெட்டிய மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த வித்தியாசம் கண்ணில் அடித்தது. ஒல்லியான பையன் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. தொகுப்பைத் திருப்பி விற்றதில் 19,000 ரூபாய் வந்தது, 23,000 போயிற்று. எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் கட்ட நினைக்கும் பாதையின் உண்மையான அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி, அளவால் வகுத்து, வரும் எண்ணுக்குத் தண்டவாளம் விற்பனையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். இந்திய அகலப்பாதைக்கும் இதே சிக்கல் உண்டு. 1,676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19.3 வரும், ஆனால் இங்கே பெரும்பாலோர் 16.5இலேயே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். சமாளிப்பதில் தவறில்லை. எங்கே சமாளிக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது தவறு, பேராசை. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர். 87இல் ஒரு பங்காகக் குறுக்கினாலும் அது 563 மீட்டர் வரும். இந்தக் கணக்கை நான் அப்போது போட்டிருந்தால் சிரித்துவிட்டு ஒரு நிலையத்தோடு நின்றிருப்பேன். நானோ 12 அடி அறைக்குள் செங்கோட்டை, பகவதிபுரம், குகை, ஆரியங்காவு, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், தென்மலை எல்லாவற்றையும் அடைக்கும் வரைபடம் ஒன்றை நான்கு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். பாலத்துக்கு இடம் போதாமல் பதிமூன்று வளைவுகளை ஐந்தாக்கினேன். அதைப் பார்த்த என் மைத்துனர், “மாமா, மிச்சம் எட்டுக் கண்ணையும் வட்டிக்கு விட்டுட்டீங்களா?” என்று கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தென்மலையில் நான் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. எனக்கு நினைவே இல்லாத ஊர்களுக்காக, நினைவிருந்த ஒரே ஊரை ஒன்றரை அடிக்குள் சுருக்கியிருந்தேன்.

2022 பிப்ரவரியில் தச்சரைப் பிடித்துச் சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டில் மேசை போட்டேன். கூலியோடு 26,000 ரூபாய். அதன்மேல் தெர்மோகோலை அடுக்கி மலை செதுக்கினேன். அந்த ஆண்டு நவம்பர் மழையில் பலகை ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் உப்பியது. நடுவில் ஒரு விரற்கடைக்குப் பள்ளம் விழுந்தது. சுவரை ஒட்டிய சட்டத்தில் கரையான் புற்றுக் கோடும் ஏறியிருந்தது. டிசம்பரில் எல்லாவற்றையும் பிரித்துக் கீழே இறக்கினேன். அந்த 26,000 ரூபாய் அப்படியே விறகாயிற்று. மறுமுறை அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் அமைத்து, மேலே ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டேன். 31,000 ரூபாய் ஆயிற்று. இன்றுவரை அது அசையவில்லை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு முதல் நாளே மரைன் பிளைவுட் வாங்கிவிடுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள், ஏனென்றால் ஈரம் மேற்புறத்தைவிட வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. சட்டத்தைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள். கரையானுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பின்னால் வண்டி கவிழ்ந்தால் எடுப்பதற்குக் கை நுழைய வேண்டும்.

12 மில்லிமீட்டர் தண்டவாளமும், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்களும் உள்ளூரில் கிடைக்காததால் 2023 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பொருளின் விலை 38,500 ரூபாய். கூரியர் நிறுவனம் அதைப் பொம்மை என்ற தலைப்பில் சுங்கத்துக்குக் காட்டிவிட்டது. நம் நாட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70ஆகவும் உயர்ந்தது. அதன் மேல் கூடுதல் தீர்வையும் ஜிஎஸ்டியும் உண்டு. 2021 முதல் பொம்மைகளுக்குத் தரச்சான்றும் கட்டாயம் என்பதால், சான்று எங்கே என்ற கேள்வி முதலில் வந்தது. இது குழந்தைகள் விளையாடும் பொருளல்ல, சொந்த உபயோகத்துக்கான மாதிரிப் பாதை என்று கடிதமும் படங்களும் அனுப்பி, 23 நாள் அலைந்த பிறகு பெட்டி கைக்கு வந்தது. வரியும் கையாளும் கட்டணமும் சேர்த்து 43,000 ரூபாய். பொருளின் விலையைவிட அதிகம். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது என் கை நடுங்கியது உண்மை. கணக்கு எழுதுகிறவனாகிய நானே வரி விகிதத்தைப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன் என்பதுதான் பணத்தைவிட அதிகமாக உறுத்தியது. வரவழைப்பதற்கு முன்பு, பொருள் எந்தத் தலைப்பில் வகைப்படுத்தப்படும், மொத்த வரி எவ்வளவு என்பதைக் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் பொருளின் விவரத்தைப் பெட்டியின் மேலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை தண்டவாளம் வேண்டும் என்பதை வரைபடத்தில் அளந்து, தேவைக்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். என் பெட்டியில் வந்த ஒன்பது பாயிண்ட்களில் ஐந்து இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன.

ஏப்ரலில் இரவு நேரங்களில், அறை குளிர்ந்த பிறகு தண்டவாளம் பதித்தேன். மின்சாரம் தடையின்றிப் பாய வேண்டும் என்று எல்லா இணைப்புகளையும் ஈயப் பற்று வைத்து இறுக்கினேன். ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரே கம்பிபோல் ஆகிவிட்டது. மே மாதத்தில் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு அறையைத் திறந்தேன். தகரத்துக்குக் கீழே 43 டிகிரி. பாலத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தண்டவாளம் பிளாஸ்டிக் கட்டைகளின் பிடியிலிருந்து விடுபட்டு, பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் வளைந்து நின்றது. யாரோ தெரியாமல் கையை ஊன்றிவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தண்டவாளம் செய்திருக்கும் நிக்கல் சில்வர் உலோகம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி கூடினால், ஏறத்தாழ 16 மைக்ரான் நீளும். ஐந்து மீட்டருக்கு 15 டிகிரி கூடினால் 1.2 மில்லிமீட்டர். கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் அந்த 1.2 மில்லிமீட்டர் போக இடமில்லாமல் ஒரே ஒரு சாண் இடத்தில் பிதுங்கும்போது, பக்கவாட்டில் 10 மில்லிமீட்டர் தள்ளிவிடுகிறது. பெரியப்பாவோடு தண்டவாளத்தில் நடந்த காலத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் சந்தைக் காட்டி, “வெயிலுக்கு அது மூச்சு விடணும்லா” என்று அவர் சொன்னது நாற்பது ஆண்டு கழித்து அந்த அறையில் நின்றபோது ஞாபகம் வந்தது. என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் கேட்டேனா என்பது நினைவில்லை.

இதற்கு மாற்று எளிது. ஏறத்தாழ மூன்று அடிக்கு ஓர் இடத்தில் அரை மில்லிமீட்டர் சந்து விட்டு, அந்த இணைப்பைப் பற்று வைக்காமல் விட வேண்டும். அட்டைத் துண்டு ஒன்றை நடுவில் செருகிப் பதித்தால் அளவு சரியாக வரும். மின்சாரத்துக்கு இணைப்புத் தகட்டை நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து தனித்தனியாக மெல்லிய கம்பி கொடுத்து, பலகைக்குக் கீழே ஓடும் இரண்டு தடித்த கம்பிகளில் சேர்த்துவிட வேண்டும். கம்பிகளுக்கு இரண்டு நிறம் போதும். ஆனால் எது எந்தத் தண்டவாளம் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கும்போது எந்த நினைவாற்றலும் உதவாது.

சரிவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை கடக்க எனக்கு 65 மில்லிமீட்டர் உயரம் தேவைப்பட்டது. கிடைத்த நீளம் 1.6 மீட்டர். அதாவது 100க்கு 4. மாதிரி ரயிலில் 100க்கு 2 அல்லது இரண்டரைக்கு மேல் போகக் கூடாது என்பது பின்னால் தெரிந்தது. அந்தக் கணக்கில் எனக்கு 2.6 மீட்டர் வேண்டியிருந்தது. நான்கு பெட்டிகளோடு ஏறிய இன்ஜின் பாதியில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றியது. உண்மையான மலையிலும் பின்னால் ஓர் இன்ஜின் தள்ளியதே, நாமும் அப்படியே செய்வோம் என்று ஒரு பெருமிதம் வந்தது. என் திட்டப் பிழைக்கு வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தேன். ஒரு நண்பரிடம் வாங்கி வந்த இன்ஜினைப் பின்னால் மாட்டினேன். இரண்டு மோட்டார்களின் வேகமும் ஒத்துப் போகாததால், பின்னது முந்திக்கொண்டு நெருக்க, நடுவிலிருந்த இலகுவான பெட்டிகள் வளைவில் தூக்கியடித்து விழுந்தன. பெட்டிகளுக்குள் சிறு எடை வைத்து, ஒரே வேகமுள்ள இரண்டு இன்ஜின்களைப் பொருத்தினால் இது முடியும் என்கிறார்கள். இடமில்லாத என்னைப் போன்றவர்கள் பாதையைச் சமதளமாகவே போட்டுவிட்டு, மலையைப் பின்னால் நிறுத்திக்கொள்வது நல்லது.

மோட்டார் எரிந்த கதைதான் எல்லாவற்றிலும் வலித்தது. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜினின் மாதிரி கடையில் கிடைக்காததால், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும், டிடி என்ற வேறோர் அளவு இன்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தை 14,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கி, அதற்கு மேல் முப்பரிமாண அச்சில் செய்த கூட்டை மாட்டியிருந்தேன், கூட்டுக்கு 11,000. நிலத்துக்கு அசல் மண்ணே வேண்டும் என்ற பிடிவாதத்தில், பகவதிபுரத்தில் பாதை ஓரத்திலிருந்து இரண்டு பை செம்மண் அள்ளி வந்து, சலித்து, பசையில் ஒட்டினேன். வாசனைகூட அதே வாசனை. மூன்றாம் வாரம் இன்ஜின் இழுத்து இழுத்து ஓடியது, பிறகு முனகியது, பிறகு சன்னமாகப் புகை வந்தது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புப் பொடி மீசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் இருந்த இரும்புத் துகள். பாலித்தீன் பைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டு மண்ணில் நான்கு முறை துழாவியிருந்தால் அத்தனையும் பையோடு வந்திருக்கும். பிறகு பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்தால் துகள் உதிர்ந்துவிடும். இன்று மண்ணோ மணலோ எது வந்தாலும் முதல் வேலை அதுதான். இரண்டாவது வேலை, இரும்புச் சட்டியில் போட்டு நன்றாக வறுப்பது. வறுக்காமல் விட்ட பகுதியில் நவம்பர் மழைக்கு வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. தண்டவாளத்துக்கு நடுவில் போடும் ஜல்லிக்கு எம்-சாண்டைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, முக்கால் மில்லிமீட்டர் அளவில் நிற்பதை எடுத்துக்கொண்டேன். உண்மையான ஜல்லி 65 மில்லிமீட்டர் என்றால் 87இல் ஒரு பங்கு அதுதான். ஃபெவிக்காலில் அதே அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, மைநிரப்பியால் சொட்டு விட்டால் ஜல்லி கலையாமல் பசை உள்ளே இறங்கும். மரங்களின் இலைக்கு ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் ஊற வைத்து மிக்ஸியில் அரைக்கலாம். ஆனால் அதற்கென்று ஒரு பழைய ஜாரை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் சட்னி ஜாரை எடுத்தேன். புதிய ஜாருக்கு 1,800 ரூபாய் நோட்டில் ஏறியிருக்கிறது.

மோட்டார் எரிந்தது 2023 ஆகஸ்டில். அறையைப் பூட்டிவிட்டேன். எட்டு மாதம் திறக்கவில்லை. மாடியில் துணி உலர்த்தப் போகும்போதுகூட அந்தக் கதவைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். செலவழித்த பணத்தை நினைத்து வெட்கம், அதைவிட, ஐம்பதை நெருங்கும் வயதில் பொம்மைக்காக அழுகிற மாதிரி இருக்கிறோமே என்ற வெட்கம். 2024 ஏப்ரலில் என் மனைவிதான் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். “எதைக் கட்டணும்னு ஆரம்பிச்சீங்க? பெரியப்பா நிக்கிற அந்த இடத்தைத்தானே? அதை மட்டும் கட்டுங்க” என்றாள். மூன்று ஆண்டில் கேட்ட ஆலோசனைகளில் செலவில்லாதது அது ஒன்றுதான்.

இருந்த மரைன் பலகையிலிருந்து ஆறு அடிக்கு ஒன்றரை அடித் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தேன். பகவதிபுரம் மட்டும். ஒரு நடைமேடை, இரண்டு தடம், நான்கு பாயிண்ட், ஒரு கைகாட்டி மரம். இடது ஓரத்தில் குகை. குகைக்குப் பின்னால் திரை மறைவில் வண்டிகள் காத்திருக்க மூன்று அடித் தடம். வலது ஓரத்திலும் அதே மாதிரி மறைவிடம். வண்டி எங்கிருந்தோ வருகிறது, நிற்கிறது, எங்கோ போகிறது. நிலையத்தில் இருப்பவனுக்கு ரயில் என்பது அவ்வளவுதானே. 9,000 ரூபாயில் இன்னோர் அடிப்பாகம் வாங்கி அதே கூட்டை மாட்டினேன். இந்தப் பலகை ஐந்து மாதத்தில் முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் இப்படி ஒற்றைப் பலகையில் தொடங்கட்டும். பற்று வைப்பது, ஜல்லி ஒட்டுவது, கம்பி இழுப்பது எல்லாவற்றிலும் முதல் முயற்சி கெட்டுத்தான் போகும். அந்தக் கேடு ஆறு அடிக்குள் முடிந்தால் தாங்கலாம்.

நிலையக் கட்டடத்துக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். உறவினர் ஒருவர் பழைய நெகட்டிவிலிருந்து எடுத்து அனுப்பியது. அதை வைத்து ஓட்டுக்கூரையையும் வளைவு வாசலையும் சன்னல்களையும் இரண்டு மாதம் அட்டையில் வெட்டிச் செய்தேன். பெரியப்பாவுக்கு 2024இல் 86 வயது. தென்காசியில் மகள் வீட்டில் இருந்தார். அவருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மூன்று ஆண்டும் மூச்சு விடவில்லை. 2024 அக்டோபரில் பலகையைக் காரின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போய் அவர் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குகைப் பக்கம் விரலை வைத்தார், நடைமேடையைத் தடவினார். பிறகு, “எலே ஐயா, எல்லாம் சரி, ஸ்டேஷன் திரும்பி நிக்கிலா? டோக்கன் ரூம் குகைப் பக்கம்லா இருக்கும்” என்றார். உறவினர் நெகட்டிவை இடவலம் மாற்றி ஸ்கேன் செய்திருக்கிறார். பெயர்ப்பலகை படத்தில் விழாததால் எனக்கும் பிடிபடவில்லை. நான் இரண்டு மாதம் செய்தது கண்ணாடியில் தெரியும் பகவதிபுரம். ஒரே படத்தை நம்பிக் கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு கோணங்கள் வேண்டும், எழுத்து எதாவது தெரியும் படம் ஒன்றாவது வேண்டும். அதற்கும் முன்பு, அங்கே வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் யார் என்று தேடிப் போய்க் கேளுங்கள். இன்ப அதிர்ச்சி கொடுக்கும் ஆசையில் நான் தொலைத்தது மூன்று ஆண்டு உரையாடல்.

அன்று மாலை அவர் ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டார். கை நடுங்கியதால் கோடுகள் நேராக வரவில்லை. ஆனால் எது எங்கே என்பதில் தடுமாற்றமே இல்லை. தீயணைக்கும் மணல் வாளிகள், விளக்கு அறை, தண்ணீர்த் தொட்டி. தூரங்களை அவர் மீட்டரில் சொல்லவில்லை, தப்படியில் சொன்னார். இரவில் கைவிளக்கோடு எண்ணி நடந்து பழகியவர். டோக்கன் அறை வாசலிலிருந்து கைகாட்டி லீவர் வரைக்கும் பதினேழு தப்படி என்றார். ஒரு தப்படியை 75 சென்டிமீட்டராக வைத்தால் 12.75 மீட்டர், 87ஆல் வகுத்தால் 14.7 சென்டிமீட்டர். என் பலகையில் அந்த இடைவெளி 31 சென்டிமீட்டர் இருந்தது. அந்தத் தூரத்தை நான் ஏழு வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, இருட்டில், குகைப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நடந்திருக்கிறேன்.

சென்னைக்கு வந்ததும் கட்டடத்தைப் பெயர்த்து, டோக்கன் அறை குகைப் பக்கம் வருமாறு சுவர்களை மாற்றி ஒட்டினேன். மணல் வாளிகளுக்குப் பேனா மூடியின் நுனிகளை வெட்டிச் சிவப்பு அடித்து மாட்டினேன். லீவரை மட்டும் நகர்த்தவில்லை.